மொட்டை செல்லில் வைத்த ஈயம்

என் கடையில் திட்டு வாங்காமல் போக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றைக் கேட்காமல் இருக்க வேண்டும். பட்டன் செல்லின் மேல் நேராக ஈயம் வைத்துத் தரச் சொல்லக் கூடாது. மற்றபடி நான் நல்லவள்தான். ரெட்டியார்பாளையத்தில் பதினைந்து வருஷமாக இந்தச் சின்னக் கடையை வைத்திருக்கிறேன். ரிமோட், எமர்ஜென்சி விளக்கு, எடை பார்க்கும் மிஷின், பாடுகிற பொம்மை என்று எது வந்தாலும், பிரித்துப் பார்க்காமல் முடியாது என்று சொன்னதில்லை.

போன மாதம் ஒருத்தர் மகளின் பொம்மையோடு வந்தார். வயிற்றை அமுக்கினால் பாடுகிற கரடி. செல் உட்காரும் தகடு துருப்பிடித்து உடைந்திருந்தது. "தகடெல்லாம் எதுக்குக்கா? ஒயரை நேரா செல்லு மேலயே ஒரு பொட்டு ஈயம் வச்சுக் குடுத்துடுங்க, அவ்ளோதான வேலை," என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "உங்க பொண்ணு இதைக் கட்டிப் புடிச்சிக்கிட்டுதான தூங்கும்? மூஞ்சிக்கு நேரா வெடிச்சா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். புதிதாக ஒரு ஹோல்டர் வைத்து, கரடியைப் பாடவைத்துக் கொடுத்தேன். போகும்போது, "ஒரு சின்ன செல்லுக்கு இவ்ளோ கோவமாக்கா?" என்று சிரித்தபடி கேட்டார்.

அதற்குப் பதில் சொல்வதென்றால் எங்கள் ஊர் உப்பளம் பகுதிக்காரி ஒருத்தியின் இடது கண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவளும் நானும் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மின்சார மீட்டருக்குள் போகிற போர்டு செய்யும் கம்பெனி அது. எங்கள் லைனில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டும் பெண்கள். போர்டு இடமிருந்து வலமாக ஒவ்வொருத்தி கையாக நகர்ந்து போகும். அதில் செல்லைப் பொருத்தி ஈயம் வைப்பது என் வேலை. எனக்கு வலது பக்க ஸ்டூலில் அவள். ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று லென்ஸ் வழியாகப் பார்ப்பதும், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்காலை வெட்டுவதும் அவள் வேலை. அதாவது, நான் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு அவளுக்குச் சம்பளம்.

ஒரு போர்டை முடித்ததும் அதன் விளிம்பால் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, "இந்தா, புடிடி" என்பேன். அவளுடைய இடது கை நீளும். திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்தப் பக்கத்துக்காரியோடு முந்தின நாள் சீரியல் கதை ஓடிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் கை மட்டும் வரும். ஒருநாள்கூட ஒரு போர்டு கீழே விழுந்ததில்லை. சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு முதுகுலயும் கண்ணு இருக்குது" என்பார்.

ஈயம் உருக்கும் அயன் சூட்டில் ஃப்ளக்ஸ் என்கிற பிசின் உருகி எழும் புகை எனக்குத் தொண்டையைக் கமறும். அவளுக்கு அது பிடிக்கும். "கோயில் வாசனைடி, பூசைக்கு வந்த மாதிரி இருக்குது" என்பாள். கத்தோலிக்கக் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பெண்ணுக்குக் கம்பெனி வேலை எதற்கு என்று வந்த புதிதில் எல்லோரும் கேட்டோம். "வீட்ல சும்மா இருந்தா எங்கம்மா பிரெஞ்சு கிளாசுக்குத் தொரத்துறாங்க. அதுக்கு இந்தப் பொகையே தேவல," என்றாள்.

மதியம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்ப மரத்தடியில் சாப்பாடு. அவள் டப்பாவில் மீன் குழம்பு இருந்தால் அது என்னுடையது, என் எலுமிச்சை சாதம் அவளுடையது. இதில் பேச்சுவார்த்தையே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய், சுவர் மேல் கால் தொங்கப் போட்டுச் சுண்டல் தின்றுகொண்டு, லைனில் உள்ள மற்ற பத்துப் பேரையும் பற்றிப் புறம் பேசுவோம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கும் ஃப்ளக்ஸ் புகை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் பசிதான் எடுக்கிறது.

எங்களுக்கு வருகிற செல்கள் காதோடு வரும். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். செல்லின் இரண்டு பக்கமும் மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். செல் செய்கிற இடத்திலேயே, சூடு உள்ளே இறங்குவதற்குள் கண் சிமிட்டும் நேரத்தில் மிஷினில் ஒட்டிவிடுவார்கள். அந்தத் தகட்டில்தான் நாங்கள் ஈயம் வைக்க வேண்டும். தகடு இல்லாத செல்லுக்கு எங்கள் பாஷையில் மொட்டை. மொட்டை செல்லின் மேல் அயன் படவே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் நிற்கவைத்துச் சொன்னார்: "இது மூடியை இறுக்கி அடைச்ச பானை மாதிரி. உள்ள ஈரம் இருக்கு. சூடு ஏறினா ஆவி போறதுக்கு வழி இல்ல, வயிறு உப்பி வெடிக்கும். வெடிக்கலன்னா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க. உள்ள இருக்கிற பிளாஸ்டிக் வளையம் இளகிப் போயிருக்கும். பின்னாடி கசிஞ்சி எல்லாத்தையும் தின்னும்."

எனக்கு இது மனப்பாடம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையும் எங்கள் ஊர்க் குடும்பம்தான், பிரான்ஸில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவள் போய்விடுவாள். லைனில் எல்லோரும் அவளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் இரண்டு நாள் அவளிடம் பேசாமல் முறைத்துக்கொண்டிருந்தேன். போகிறவள் மேல் எதற்குக் கோபம் என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பிறவிக் குணம்.

மூன்றாம் நாள் அவளே பேச்சைத் தொடங்கினாள். "அங்க எனக்கு யாரையும் தெரியாது. போட்டோ எல்லாம் வேணாம். உங்க சத்தம் வேணும்டி. தெறந்தா உங்க எல்லாரோட சத்தமும் கேக்கணும். நீ பண்ணித் தா."

என் கைக்கு முடியாதது எது? பாடும் வாழ்த்து அட்டையில் இருக்குமே, அந்த மாதிரி இருபது நொடி குரலைப் பிடித்துவைக்கும் ஒரு சில்லும், பொத்தான் அளவு ஸ்பீக்கரும் வாங்கினேன். செல் தீர்ந்தாலும் அதில் பதிந்த குரல் அழியாது. அதை வைப்பதற்கு அவளே ஒரு மரச் சிமிழ் கொண்டுவந்தாள், கைக்குள் அடங்குகிற அளவு.

இருபது நொடி, பன்னிரண்டு பேர். வேப்ப மரத்தடியில் நான்கு மதிய வேளை இதற்கே போனது. முதல் தடவை ஒருத்தி சிரித்து எல்லோரும் சிரித்து, இருபது நொடியும் சிரிப்பு. இரண்டாம் தடவை ஒருத்தி பாட ஆரம்பித்து, நிறுத்தவே மாட்டேன் என்றாள். கடைசியில் ஆளுக்கு ஒரு வார்த்தை என்று முடிவானது. ஒருத்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தி "சாப்டியா?" என்றாள். அவளும் சும்மா இருக்க மாட்டேன் என்று நடுவில் "வந்துட்டேன்" என்று ஒரு குரல் கொடுத்தாள். கடைசி நான். டிபன் டப்பா மூடியால் ஒரு தட்டுத் தட்டி, "இந்தா, புடிடி" என்றேன்.

எல்லாம் முடிந்தது, செல்தான் மிச்சம். மூன்று பட்டன் செல் வேண்டும். ஹோல்டர் வைத்தால் சிமிழ் மூடவில்லை. காது வைத்த செல் கம்பெனியில் பெட்டி பெட்டியாக இருந்தது, ஆனால் எடுக்க முடியாது. அதற்கு முந்தின மாதம்தான் செல் குறைகிறது என்று சொல்லி இரண்டு பெண்களை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். எடுக்கவும் எனக்கு மனசில்லை. நேரு வீதியில் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் மூன்று மொட்டை செல் வாங்கினேன். ஈயம் வைக்க மற்றவர்களுக்கு நேரம் பிடிக்கும், அதனால் சூடு இறங்கும். எனக்கு மூன்று எண்ணினால் போதும். லைனிலேயே வேகமான கை என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். இப்படித்தான் நான் எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் கையால் கெட்டேன்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது ரெட்டியார்பாளையத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். அம்மா ஊருக்குப் போயிருந்தாள். கூடத்தில் பாய் விரித்து, பலகை போட்டு, என் சொந்த அயனைச் சூடாக்கினேன். அவள் சின்ன இடுக்கியால் செல்லைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் செல்லை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு அயனை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் ஈயம் பளபளவென்று உட்கார்ந்துவிட்டது. "பாத்தியா?" என்றேன். அவள் பழக்கதோஷத்தில் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "பாஸ்" என்றாள்.

இரண்டாவது செல் எனக்கு அடங்கவில்லை. ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு உருண்டு விழுந்தது. மறுபடி தேய்த்தேன், மறுபடி வைத்தேன். எனக்கு எரிச்சல் ஏறியது. அயனை அழுத்திப் பிடித்தேன். மூன்று எண்ணி, ஐந்து எண்ணி, பத்தும் எண்ணினேன். அவள் புகையை ஊதிவிட்டுக் குனிந்து பார்த்தாள். குற்றம் கண்டுபிடிப்பதுதானே அவள் வேலை.

"வுட்டுடுடி, போதும். வயிறு உப்புது," என்றாள்.

"என் கை எனக்குத் தெரியும். நீ ஆடாம புடி," என்றேன்.

எண்ணெயில் கடுகு வெடிப்பதைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம், அவ்வளவுதான். செல் எங்கே போனது என்று தெரியவில்லை. பலகை மேல் கறுப்பாகச் சேறு மாதிரி ஏதோ சிதறியிருந்தது. அவள் கத்தவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்றாள்.

இரண்டு செம்புத் தண்ணீர் எடுத்து முகத்தில் அடித்தேன். அதற்குள் பக்கத்துப் போர்ஷன் அக்கா ஓடி வந்துவிட்டாள். கைக்குழந்தைக்காரி. "கண்ணுல தண்ணி அடிக்காதடி, எரியும். தாய்ப்பால் வுட்டா குளுந்துடும்," என்று சொல்லி, குழந்தையை இறக்கிவிட்டு ஒரு பாலாடையில் பால் எடுத்து வந்தாள். கண்ணில் தூசி விழுந்தால், சூடு பிடித்தால் எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளைப் படுக்கவைத்துப் பாலை விட்டோம். எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. பிறகு மறுபடி எரிந்தது. அரை மணி நேரம் இப்படியே போனபின்தான் ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டே அவள் சொன்னாள்: "எண்ணெய் தெறிச்சிடுச்சின்னு சொல்லிடலாம்."

"எதுக்கு?"

"செல்லு வெடிச்சிச்சின்னு சொன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். வாட்ச் கடையில வாங்குனன்னு சொன்னா அவங்க நம்புவாங்களா? உன் வேலை போயிடும். எனக்கு இன்னா, நான் போறவ."

எங்கள் வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர். பொறுமையானவர். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். "வடை சுட்டுக்கிட்டு இருந்தேன் டாக்டர், எண்ணெய் தெறிச்சிடுச்சி," என்றாள். அவர் விளக்கடித்துப் பார்த்தார். எதுவோ சரியாகப் படவில்லை போல, என் பக்கம் திரும்பி, "நீங்க கூட இருந்தீங்கள்ல? எண்ணெய்தான?" என்றார்.

"ஆமாம் டாக்டர்," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை சொன்னதைத்தான் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் எண்ணெய்ச் சூட்டுக்கு உண்டான மருந்தைப் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார். சொன்னதற்கு அவர் வைத்தியம் பார்த்தார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். கண் சிவந்திருந்தது, பார்வை இருந்தது. புருவத்துக்குக் கீழே அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு. அவள் அம்மா, கல்யாணப் பொண்ணை எதற்கு வடை சுடவைத்தாய் என்று என்னை ஒரு மூச்சுத் திட்டினார். கல்யாணத்தன்று கோயிலில் வெள்ளை உடுப்பில் அவள் வந்தபோது யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றுதான் இருந்தது.

சிமிழையும் முடித்துக் கொடுத்தேன். வெடித்ததற்குப் பதில் வேறு ஒரு செல் வாங்கி, அதற்கும் மூன்றாவதற்கும் அயனைத் தொடாமல், ஒயரை வைத்து டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். ஆனால் அந்த முதல் செல், என் கை பளபளவென்று ஈயம் வைத்த செல், நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையும் உள்ளே வைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்த வீம்பு.

போன புதிதில் வாரம் ஒரு போன். சிமிழ் பாடுகிறதா என்று கேட்பேன். "டெய்லி பாடுது" என்பாள். மூன்றாம் வருஷம் அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் போனே இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. சீமைக்குப் போனதும் திமிர் ஏறிவிட்டது என்று லைனில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் அவளைக் குறை சொன்னேன். பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுகிற மாதிரி பேசினாள். நானும் எதையும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அங்கே குளிர் தாங்காத மாதத்தில் வருவாள். உப்பளம் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு நேராக என் கடைக்குத்தான். பேச்சுக்குப் பேச்சு "அலோர்" என்று ஒரு இழுவை வந்து சேர்ந்திருந்தது, நம் ஊரில் "அப்பறம்" என்போமே அந்த மாதிரி. நான் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டல் செய்வேன். சாயங்காலம் கடற்கரைச் சாலை. வண்டிகளை உள்ளே விடாமல் நிறுத்திவிடுவதால் நடக்க நன்றாக இருக்கும். நடக்கத் தொடங்கும்போதே, "நீ இந்தப் பக்கம் வா" என்று என்னை அவளுக்கு இடது பக்கம் இழுத்துக்கொள்வாள். பெஞ்சில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். பழைய ஸ்டூல் நினைப்பு இன்னும் போகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். சைக்கிள் ஓட்டிப் பழகுகிற பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து என் காலில்தான் இடிப்பார்கள். ஒவ்வொருத்தனையும் நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள்.

இந்த வருஷம் வந்தபோது கைப்பையிலிருந்து சிமிழை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். "ரொம்ப நாளா பாடல. பொண்ணு கேக்குறா, என்னம்மா இதுன்னு. சரி பண்ணிக் குடு," என்றாள்.

திறந்தேன். உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. என் பளபளப்பான முதல் செல்லின் விளிம்பிலிருந்துதான் கசிந்திருந்தது. ஒயரைத் தின்று, பக்கத்து செல்லையும் தின்று, சில்லு உட்கார்ந்த போர்டில் பாதி வரை வந்திருந்தது. இது நேற்றைக்கு இன்றைக்குப் பாடாமல் போனதல்ல. ஆறு மாதம் பாடியிருந்தால் அதிகம். அவள் போனில் சொன்ன "டெய்லி பாடுது" எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

நல்லவேளை, சில்லு வரைக்கும் போகவில்லை. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். செல்லுக்கு ஒரு ஹோல்டரைத் தனியாக ஒயரில் வெளியே எடுத்துவைக்கலாம் என்று முடிவு செய்தேன். சிமிழ் மூடாவிட்டால் போகிறது. ஹோல்டரின் காலில் ஈயம் வைத்துவிட்டு, இரண்டு புது செல்லை நான் போட்டு, மூன்றாவதை அவள் போடட்டும் என்று அவளுடைய இடது பக்கத்தில் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தெருவைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி என் கை நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். விரலை ஆட்டினேன். அவள் இமைகூட அசையவில்லை.

மேஜையில் டக் என்று ஒரு தட்டுத் தட்டினேன். உடனே இடது கை வந்தது.

"எப்ப இருந்துடி?" என்றேன்.

அவள் செல்லை உள்ளங்கையில் உருட்டியபடி சொன்னாள். "போயி மூணாவது வருஷம். கண்ணுல அழுத்தம் ஏறிப்போச்சி. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. அங்கத்து டாக்டர் துருவித் துருவிக் கேட்டாரு, உண்மைய சொல்லிட்டேன். எண்ணெய்னா தோலைச் சுட்டுட்டு நின்னுடும், செல்லுல இருக்கிறது அரிக்கிற காரம், அது உள்ள போய்க்கிட்டே இருக்கும்னாரு. அன்னிக்கே சொல்லியிருந்தா மணிக்கணக்கா தண்ணி வுட்டுக் கழுவி இருப்பாங்களாம்."

அயனை அணைத்தேன். "அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் ஆமாம்னு சொன்னது நீ சொல்லச் சொன்னதுக்காக இல்லடி. எனக்காகத்தான். என் வேலைக்காக," என்றேன்.

"தெரியும்."

"அந்தக் கம்பெனியே அஞ்சாறு வருஷத்துல மூடிட்டாங்களேடி."

"அதுவும் தெரியும். ஒரு வருஷம் உன் போனை எடுக்கல, ஞாபகம் இருக்கா? அவ்ளோ கோவம். போர்டு போர்டா பாஸ் பண்ணேன், அன்னிக்குப் போதும்னு சொன்னதை மட்டும் நீ கேக்கல. அத நெனச்சி நெனச்சி ஆத்திரமா வரும். அப்பறம் ஒரு நாள், திட்டுறதுக்காச்சும் நீ வேணும்னு இருந்துச்சி. கூப்ட்டேன். உன் சத்தத்தைக் கேட்டதும் திட்டுறது மறந்துபோச்சி."

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். என்னை மன்னிச்சிடு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று தெரியவில்லை. அழுகை முதல் தடவையாக அழுகையாகவே வந்தது. அவள் என் முதுகில் ஒரு அடி போட்டாள். "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? மூக்கைத் தொடச்சிக்கிட்டு வேலைய முடி."

முடித்தேன். செல்லை அவளே ஹோல்டரில் அழுத்தி வைத்தாள். சிமிழ் ஒரு தடவை கரகரத்தது. பிறகு ஒருத்தி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தி சாப்டியா என்றாள். பாட்டுக்காரி மறுபடி பாடப்போய் முதல் எழுத்தோடு அறுந்தாள். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை, அவர்களும் பேசினார்கள். நடுவில் அவளே இருபத்தி மூன்று வயசுக் குரலில் "வந்துட்டேன்" என்றாள். கடைசியில் டப்பா மூடி டக் என்று தட்டியது. "இந்தா, புடிடி." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் இடது கை, அவளுக்கே தெரியாமல், மேஜை மேல் கொஞ்சம் நீண்டு நின்றது.

சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். அவள் சொல்வதற்கு முன்னாலேயே நான் இடது பக்கம் போய்விட்டேன். பாதி தூரம் நடந்த பிறகும் அது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. நின்று கேட்டேன்.

"அந்தக் கண்ணைக் கெடுத்ததே நான்தான். என்னையப் போயி எதுக்குடி அந்தப் பக்கமே நிக்க வெக்கிற?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பக்கத்துல இருந்து எது வந்தாலும் எனக்குத் தெரியாது. நீ இருந்தா பாத்துக்குவ."

எதிரே ஒரு பிள்ளை சைக்கிளில் கோணல்மாணலாக வந்துகொண்டிருந்தான். நான் இடத்தை விட்டு நகரவில்லை. வழக்கம்போல என் முழங்காலில்தான் இடித்தான். இந்தத் தடவை நான் திட்டவில்லை.